தூள் தூவிய கண்ணாடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று தகடு வெட்டுவதற்கே லேசர் வந்துவிட்டது. முதல் லேசர் ஒளிர்ந்தது 1960இல். ஆனால் லேசர் வெளிச்சத்தின் ஒரு குணத்துக்கான கணக்கை அதற்கு 17 ஆண்டு முன்பே பெங்களூரில் ஜி.என். ராமச்சந்திரன் சரிபார்த்து எழுதிவிட்டார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் என்ற புரதத்தின் முச்சுருளைக் கண்டவர் அவர்தான். அந்தப் புகழில் இந்த இளவயது வேலை மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆவடியில் நான் நடத்தும் இயற்பியல் வகுப்பில் லேசர் பேனாவைச் சுண்ணாம்புச் சுவரில் அடித்துக் காட்டுவேன். சிவப்புப் பொட்டு ஒரே சீராக இருக்காது, பொடிப்பொடியாக மினுங்கும். தலையை அசைத்தால் பொடிகளும் நகரும். சுவரின் மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் தாறுமாறாகக் கூடியும் கழிந்தும் போடும் கோலம் அது; நான் சொன்ன குணமும் அதுதான். விளக்கைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளிவட்டத்தை சி.வி. ராமன் 1919இலேயே ஆராய்ந்திருந்தார். அவரிடம் படித்த ராமச்சந்திரன், நுண்தூள் படிந்த கண்ணாடி வழியே வரும் ஒளியை எடுத்துக்கொண்டார். எந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் மங்கலான புள்ளிகளே மிகுதி, பிரகாசம் கூடக்கூட எண்ணிக்கை சரசரவென்று குறையும் என்கிற ராலே விதி அங்கே பொருந்தியது.

தறிகெட்ட இயக்கத்தை அலைகளில் ஆராயும் குவாண்டம் கேயாஸ் என்ற துறையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. பந்து தறிகெட்டு ஓடும் வடிவத்தில் ஒரு பெட்டி. அதற்குள் பந்துக்குப் பதிலாக அலையை அடைத்தால் என்ன ஆகும்? எல்லாத் திசையிலிருந்தும் வரும் அலைகளின் கலவைபோல அது இருக்கும் என்று 1977இல் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி ஊகித்தார்.

அந்த அலையாக எலக்ட்ரானை அடைத்துப் பார்ப்பது கடினம், ஒளியை அடைக்கலாம். எஸ்டேட் பட்டறையில் ரவுண்டு ராடின் ஒரு பக்கத்தைச் சீவி ஃபிளாட் எடுப்பார்களே, அதேபோல ஒரு பக்கம் தட்டையான கண்ணாடி இழையை பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். முழு வட்டத்தில் ஒழுங்காகச் சுற்றும் கதிர், இந்த வெட்டால் தறிகெட்டுப் போகிறது. இழையின் நீளம் இங்கே காலத்தின் வேலையைச் செய்கிறது. 2002இல் வெளிவந்த அவர்கள் முடிவில், இழையின் மறுமுனையில் ஒளிப்புள்ளிகள் ராலே விதிப்படியே சிதறியிருந்தன.

என் மனம் அதிகம் நிற்பது விதி மீறிய இடத்தில்தான். சில நேரம் அந்த இழையில் ஒளி எங்கும் பரவாமல், இரு எதிர்ச்சுவர்களுக்கு இடையே திரும்பத் திரும்ப மோதும் ஒரே பாதையில் திரண்டு நின்றது. இயற்பியலாளர் எரிக் ஹெல்லர் 1984இல் கணக்கில் கண்டு ‘தழும்பு’ என்று பெயரிட்டது இதைத்தான். அந்தப் பாதை நிலையற்றது. கதிர் இம்மி பிசகினாலும் விலகி ஓடிவிடும். அலையோ அதே பாதையைப் பிடித்துக்கொள்கிறது.