ரயில் ஊதலிலிருந்து டாப்ளர் ஸ்கேன் வரை



திண்டிவனம் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ரயிலின் ஊதலைக் கேட்காதவர் நம்மில் யார்? நெருங்கும்போது கீச்சென்று ஒலிக்கும்; தாண்டியதும் சுருதி சட்டென்று இறங்கிவிடும். இதற்கான கணக்கை ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் வெளியிட்டார். "நிஜமாவே அப்படித்தானா?" என்று பார்க்க, ஹாலந்து நாட்டு பைஸ் பாலோட் 1845-இல் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றிச் சோதித்தார். கணக்கு சரியாகவே இருந்தது. அதே விதிதான் இன்று தாயின் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் காவல் நிற்கிறது.

இந்த வரலாற்றில் நம்ம இன்ஜினியர்களின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. இரும்புக்குள் விரிசல் தேடும் ஒலிக்கருவியைக் கிளாஸ்கோ டாக்டர் இயான் டொனால்ட் நோயாளிகளிடம் பயன்படுத்த முனைந்தபோது, டாம் பிரௌன் என்ற இளம் பொறியாளர் அவருடன் சேர்ந்தார். 1958-இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களது கட்டுரையே மகப்பேறு ஸ்கேனுக்கு வழி திறந்தது. அதே 1950-களில் ஜப்பானில் ஷிகியோ சதொமுரா, டாப்ளர் முறையால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார். தொப்புள் கொடியின் ரத்த ஓட்டத்தை இம்முறையில் 1977-இல் டப்ளின் நகரில் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் அளந்து காட்டினர்.

விஷயம் இதுதான். நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால், சிசுவின் இதயம் துடிப்புக்குத் துடிப்பு ஓய்வெடுக்கும் நேரத்திலும் தொப்புள் கொடியில் ரத்தம் முன்னோக்கிப் பாயும். நஞ்சுக்கொடி பழுதுபட்டால் அந்த ஓட்டம் குறையும், நின்றே போகும், சில சமயம் பின்னோக்கியும் திரும்பும். அப்போது சிசுவின் உடல் மூளையைக் காப்பாற்ற அங்கே ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் குழந்தை எந்த நிலையில் பிறக்கும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள்.

பலன் உண்டா? ரத்த அழுத்தம், சிசு வளர்ச்சிக் குறைவு போன்ற சிக்கல் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2010-இல் தொகுத்தது. டாப்ளர் பார்த்தவர்களிடம் சிசு மரணம் 1.7 சதவீதத்துக்குப் பதில் 1.2 சதவீதமாக இருந்தது. சிக்கல் இல்லாதவர்களுக்கு எல்லாம் வழக்கமாக எடுப்பதால் பலன் நிரூபணமாகவில்லை. ஆகவே "எல்லாருக்கும் எடு" என்பதைவிட, யாருக்கு எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே முக்கியம்.

ஸ்கேன் ஆபத்தைச் சொல்லும். காப்பாற்றுவது உரிய நேரத்துப் பிரசவமும், பச்சிளங்குழந்தை சிகிச்சையும்தான். ஒருகாலத்தில் நம் பக்கத்தில் பிரசவம் சிக்கலென்றால் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓடியவர்கள் பலர். 2008-இல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டிவனத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த ஜி.எஸ்.டி. சாலைப் பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

தம்பி தங்கைகளே, புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? கரண்ட் போனாலும் இயங்குகிற, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் கையிலேயே எடுத்துப் போகிற, விலை மலிவான டாப்ளர் கருவி ஒன்றை யோசியுங்கள். டாம் பிரௌனும் உங்கள் வயதில்தான் தொடங்கினார்.