ஓர் எண்ணின் வரலாறு

மாணவர்களே, வரலாறு என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருபவை மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. முப்பத்தைந்து ஆண்டுகள் அவற்றையே கரும்பலகையில் எழுதி வந்தவன் நான். இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டது ஓர் எண்ணின் வரலாறு.

இதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்குச் சினைப்பையில் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்து மருந்து ஏற்றிவந்த நாட்களில், இரத்தச் சோதனைத் தாள் ஒன்று அவ்வப்போது வரும். அதில் 'சிஏ 125' என்ற ஒரு குறி. எதிரே ஓர் எண். "தம்பி, நீ எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க்குப் போட்டாயே, இது எனக்கு வந்த மார்க்கா?" என்று அவர் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

சினைப்பைப் புற்றுநோய் ஓசையின்றி வளர்வது. வயிற்றின் ஆழத்தில் தோன்றும் அது, வயிறு உப்புதல், பசி குறைதல் போன்ற சிறு தொல்லைகளையே முதலில் தருகிறது. அவற்றை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆகவே நோயாளிகளுள் பெரும்பாலோரிடம், அது சினைப்பையைக் கடந்து பரவிய பின்னரே கண்டறியப்படுகிறது.

உள்ளே மறைந்திருக்கும் கட்டி, தன் வருகையைக் காட்டும் பொருள் எதையேனும் உடல்நீரில் கலந்துவிடாதா? இவ்வினா பழையது. 1840களில் இலண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், எலும்பு மச்சையைப் பற்றும் ஒருவகைப் புற்றுநோயாளியின் சிறுநீரில் விந்தையான புரதம் ஒன்றைக் கண்டார். புற்றுநோய்க் குறிப்பான்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. ஆயினும் பல்லாயிரம் புரதங்கள் கலந்த குருதியில், வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தறியும் கருவி நெடுங்காலம் கிட்டவில்லை.

அக்கருவி 1975இல் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும், நோயை எதிர்க்கும் பொருளைச் சுரக்கும் உயிரணுவை, ஓயாமல் பெருகும் புற்றுயிரணுவோடு இணைத்தனர். அவ்விணைப்பில் பிறந்த உயிரணு தானும் பெருகியது; ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாது சுரந்தும் வந்தது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்பதுபோல, ஓர் எதிர்ப்பொருள் ஓர் இலக்கை மட்டுமே பற்றும். இதற்காக 1984இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராபர்ட் பாஸ்ட் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர் இம்முறையைக் கையாண்டார். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வல்லுநரான ராபர்ட் நாப் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். நோயாளி ஒருவரிடமிருந்து பெற்று, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த சினைப்பைப் புற்றுயிரணுக்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். எலிகளின் உடலில் உண்டான எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். சில எதையும் பற்றவில்லை. சில நல்ல உயிரணுவையும் பற்றின. ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று சோதனை நீண்டது. புற்றுயிரணுவைப் பற்றி, நல்ல சினைப்பையை விட்டுவிடும் எதிர்ப்பொருள் ஒன்று, வரிசையில் 125ஆவதாகக் கிடைத்தது. 1981இல் அதைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது. அது பற்றும் பொருளுக்குச் 'சிஏ 125' என்று பெயராயிற்று. 124 முயற்சிகளின் உழைப்பு அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

1983இல் இதே குழுவினர் குருதியில் அப்பொருளை அளந்து முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மில்லிலிட்டருக்கு 35 அலகு என்பதை எல்லையாகக் கொண்டனர். நலமாயிருந்த 888 பேரில் நூற்றுக்கு ஒருவரே அவ்வெல்லையைத் தாண்டினர். சினைப்பைப் புற்றுநோயாளிகள் 101 பேரில் 83 பேர் தாண்டினர். நோய் வளரும்போது எண் ஏறியது, தணியும்போது இறங்கியது. ஆராய்ந்த 45 நிகழ்வுகளில் 42இல் இப்பொருத்தம் காணப்பட்டது. வயிற்றைத் திறவாமலே, ஏற்றும் மருந்து பயன் தருகிறதா என்று அறிய வழி பிறந்தது.

இங்கேதான் ஓர் ஆசை எழுந்தது. நோயாளியிடம் இவ்வளவு உண்மை பேசும் எண்ணை, நலமாயுள்ள மகளிர் அனைவரிடமும் அளந்து, நோயை முளையிலேயே பிடித்துவிடலாகாதா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிடாய் நின்ற மகளிரில் ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒருவரிடமே இந்நோய் இருக்கும். 10,000 பேரைச் சோதித்தால் நோயுள்ளவர் நால்வர். நூற்றுக்கு ஒருவர் வீதம் எல்லை தாண்டும் நலமுள்ளவரோ நூறு பேர்! கருப்பையின் உட்சவ்வு இடம் மாறி வளர்தல், வயிற்றுக் காசநோய், கருவுற்ற தொடக்க மாதங்கள் ஆகியவற்றிலும் இவ்வெண் உயரக்கூடும். மறுபுறம், நோயின் முதல் நிலையில் உள்ளவருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது உயர்வதேயில்லை.

கணக்கு எச்சரித்தது, ஆயினும் கணக்கோடு நின்றுவிடாமல் மக்களிடையே சோதித்தறிய அறிஞர் முற்பட்டனர். அமெரிக்காவில் 78,216 மகளிரை ஆராய்ந்த முடிவு 2011இல் வெளியாயிற்று. குருதிச் சோதனையும் ஒலியலைப் படமும் ஆண்டுதோறும் செய்தும் சாவுகள் குறையவில்லை. நோய் இல்லாத 1,080 பேர் வீணே அறுவைக்கு உட்பட்டனர். அவர்களுள் 163 பேர் கடுமையான தீங்குக்கு ஆளாயினர். பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 2,02,638 மகளிர் சேர்க்கப்பட்டனர். அங்கே ஒரு பிரிவினரிடம் எண்ணை மட்டும் பாராமல், ஆண்டுக்காண்டு அது மாறும் போக்கையும் கணித்தனர். நோய் சற்று முன்னரே தென்பட்டது. ஆனால், 2021இல் வெளியான இறுதி முடிவின்படி அங்கும் இறப்பு குறையவில்லை. இருபது ஆண்டு உழைப்பின் பயன் கைகூடவில்லை என்பதை அவர்கள் மறைக்காமல் உலகுக்கு அறிவித்தனர்.

இளைஞர்களே, கண்டுபிடித்தவர் புகழை நாம் எளிதில் போற்றுகிறோம். தாம் விரும்பிய ஒன்று பலிக்கவில்லை என்று கணக்கோடு எழுதி வைத்தவர்களையும் போற்றப் பழகவேண்டும். அவர்கள் அதை எழுதியிராவிட்டால், நலமாயுள்ள பெண்கள் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் ஒரு தாளைக் கண்டு அஞ்சி அறுவைக்குச் சென்றிருப்பார்கள்! அந்த எண்ணும் வீணாகிவிடவில்லை. நோய் கண்டவரிடம் மருத்துவத்தின் பயனை அறியவும், நோய் திரும்புகிறதா என்று பார்க்கவும் இன்றும் அது உதவுகிறது. கேட்கத் தகுந்த வினாவைக் கேட்டால் உண்மை சொல்லும். தகாத வினாவைக் கேட்டால் தவறாக வழிகாட்டும்.

இவ்வளவும் படித்தபின் தமக்கையாரிடம் சென்றேன். "அக்கா, இது மார்க்கு அன்று. மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டர் பார்க்கும் கணக்கு. போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது, அது நல்லது" என்றேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை அணிந்துகொண்டு, முந்தைய தாளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "இதை நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். "அன்றைக்கு எனக்குத் தெரியாது, அக்கா" என்று உண்மையைச் சொன்னேன்.