ஒலியை நடத்திய கை

1951-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரத்து எம்பயர் நாடக அரங்கில் புதுமையான இசை நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. மேடையில் பாடகர் இல்லை. வயலினோ புல்லாங்குழலோ இல்லை. கம்பிச் சுருள்களாலான நான்கு வளையங்கள் மட்டும் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே ஒருவர் நின்று, கையிலே ஒரு சிறு சுருளைப் பிடித்தவாறு, அதனை முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தார். கை வலப்புறம் சென்றால் ஒலியும் வலப்புறம் சென்றது. பின்னே சென்றால் அவையோரின் முதுகுப்புறத்திலிருந்து ஒலித்தது. கை உயர்ந்தால் தலைக்கு மேலிருந்து ஒலி இறங்கிற்று. இசை முழுவதும் முன்னரே பதிவாகி முடிந்துவிட்டது. அப்படியானால் அந்தக் கைக்கு அங்கே என்ன வேலை? இப்பேச்சில் நாம் ஆராயவிருப்பது அந்தக் கேள்வியையே.

இதன் தொடக்கம் ஒரு வானொலி நிலையத்தில் இருக்கிறது. பிரெஞ்சு வானொலியில் பொறியாளராகப் பணியாற்றியவர் பியர் ஷேபர். அவர் 1948-இல் பாரிஸின் பாத்திஞோல் ரயில் நிலையத்துக்குச் சென்று, எஞ்சின்களின் மூச்சையும் சக்கரங்களின் தாளத்தையும் பதிவு செய்து வந்தார். அக்காலத்தில் ஒலிநாடா அவருக்குக் கிட்டவில்லை, இசைத்தட்டுகளே கருவி. தட்டின் பள்ளத்தை ஒரு சுற்றிலேயே மூடிவிட்டால், ஊசி அதனுள் அகப்பட்டு அதே ஓசையை ஓயாது சொல்லிக்கொண்டிருக்கும் அல்லவா? பழுதான தட்டு செய்கிற அந்த வேலையையே அவர் ஒரு கலை உத்தியாக்கினார். இவ்வாறு அமைத்த படைப்புகளை அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் 'ஓசைகளின் கச்சேரி' என்ற பெயரில் ஒலிபரப்பினார். இசையைத் தாளில் குறித்து வைத்துப் பின்னர் ஒலியாக்குவது பழைய வழக்கம். இவரோ ஒலியையே கையில் எடுத்துக்கொண்டு அதிலிருந்து இசைக்குச் சென்றார். ஆதலால் இதற்குப் 'பருப்பொருள் இசை' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

வானொலிக்கு இது இயல்பாகவே பொருந்தியது. வீட்டிலிருந்து கேட்பவர் எந்தப் பாடகரையும் கண்ணால் காண்பதில்லையே! இடர் எழுந்தது அரங்கத்தில்தான். 1950-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், பாரிஸின் எக்கோல் நார்மால் இசைப்பள்ளி மண்டபத்தில் முதற் பொது நிகழ்ச்சி நடந்தது. ஷேபரும், அப்போது இருபத்திரண்டே வயதான பியர் ஆன்ரியும் சேர்ந்து இயற்றிய 'தனி மனிதனுக்கான சிம்பொனி' அங்கே கேட்டது. காசு கொடுத்து வந்து அமர்ந்த மக்கள் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பர்? அன்றியும், நல்ல வித்துவானின் வாசிப்பு இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் இருக்கும். அவைக்கும் கூடத்துக்கும் ஏற்ப அது மலரும். பதிவான இசைக்கு அந்த வாழ்வு இல்லை. கூடம் பெரிதாயினும் சிறிதாயினும் அது ஒன்றையே சொல்லும். இசையை இசையாகக் கேட்கச் செய்ய ஒரு மனிதனும் இடமும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

அந்த உணர்விலிருந்து பிறந்ததே நாம் முதலிற் கண்ட கருவி. ஷேபரின் துணைப் பொறியாளரான ழாக் பூலன் அதனை உருவாக்கினார். இரண்டு ஒலிபெருக்கிகள் மேடையின் இருபுறமும், ஒன்று அவைக்குப் பின்னும், ஒன்று தலைக்கு மேலும் வைக்கப்பட்டன. ஐந்து தடங்களில் நான்கு தத்தமக்குரிய பெருக்கிக்கு நேரே சென்றன. ஐந்தாவது தடம் மட்டும் கையை எதிர்பார்த்து நின்றது. கையிலுள்ள சிறு சுருள் எந்த வளையத்தை நெருங்குகிறதோ, மின்காந்தத் தூண்டலால் அந்த வளையத்துக்குரிய பெருக்கியில் ஒலி வலுக்கும். கல்லூரியில் பாரடேயின் விதியைப் படிக்கும் மாணவர்களுக்கு இதில் மறைபொருள் ஏதும் இல்லை. பியர் ஆன்ரி இவ்வளையங்களின் நடுவே நின்று இயக்கும் ஒளிப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. பார்த்தால் ஒரு மந்திரவாதியின் நினைவு வருவது இயல்பே.

ஒலியைப் பல திசைகளிலிருந்து எழுப்புவது அதற்கு முன் அறியாத செய்தியன்று. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துப் புனித மாற்குப் பேராலயத்தில் பாடகர் குழுக்களைப் பிரித்து நிறுத்தி, ஒன்றற்கு ஒன்று விடையிறுக்கச் செய்தனர். 1837-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தம் இறந்தோர் வழிபாட்டிசையில் நான்கு பித்தளைக் கருவிக் குழுக்களை நான்கு மூலைகளில் வைக்கப் பணித்தார். ஆனால் அங்கெல்லாம் ஒலி தோன்றிய இடத்திலேயே நின்றது. ஒரே ஒலி ஒரு கையின் ஏவலால் அரங்கினுள் நடந்து சென்றது 1951-இல்தான்.

இங்கே நம் செவியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இடப்புறத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை அடைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான நேரமே பிந்துகிறது. அந்த நுண்ணிய பிந்துதலையும், தலை மறைப்பதால் உண்டாகும் வலிமைக் குறைவையும் கொண்டு மூளை திசையை அறிகிறது. ஒரே ஒலி இரண்டு பெருக்கிகளிலிருந்து வந்தால், எது முதலில் செவியைத் தொடுகிறதோ அத்திசையிலிருந்தே அனைத்தும் வருவதாக நாம் நம்பிவிடுகிறோம். வீட்டில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தவர் அழகிய ஒலிக்காட்சியைக் காண்பார். பெரிய அரங்கிலோ இடப்புறத்து மூலையில் அமர்ந்தவருக்கு இசை முழுதும் அருகிலுள்ள பெட்டிக்குள் சுருங்கிவிடும். இரண்டு பெட்டிகளால் ஓர் அவையை நிறைக்க இயலாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே பெருக்கிகளின் எண்ணிக்கை வளர்ந்தது. 1956-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், ஜெர்மனியின் கொலோன் வானொலி நிலையப் பேரரங்கில், ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் பிணைத்து ஸ்டாக்கௌசன் இயற்றிய 'இளைஞரின் பாடல்' ஐந்து பெருக்கித் தொகுதிகளுக்கென அமைந்து அரங்கேறியது. இவர் 1952-இல் ஷேபரின் கூடத்தில் பணிபுரிந்தவர். 1960-இல் முடித்த 'தொடர்புகள்' என்னும் படைப்புக்காக அவர் கையாண்ட முறை எளிமையால் வியப்பூட்டுவது. கையால் சுழற்றும் மேசைமீது ஓர் ஒலிபெருக்கி; அதைச் சுற்றி நான்கு ஒலிவாங்கிகள்; மேசை சுழலச் சுழல நான்கு தடங்களில் பதிவு. அரங்கின் நான்கு திசைகளிலும் அதனை ஒலிக்கச் செய்தால் ஓசை அவையைச் சுற்றிச் சுழலும்.

இடையே 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் எழுப்பிய மண்டபம் வேறு வழியைக் காட்டிற்று. லெ கார்புசியேயின் பொறுப்பில், செனாக்கிஸ் வரைந்த வளைந்த சுவர்களிலே முந்நூறுக்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகள் பதிக்கப்பட்டன. எட்கார் வரேஸ் இயற்றிய எட்டு நிமிட மின்னொலிக் கவிதை அச்சுவர்களின் வழியே ஊர்ந்து சென்றது. ஆனால் அங்கே கை இல்லை. எந்தக் கணத்தில் எந்தப் பெருக்கி ஒலிக்க வேண்டும் என்பதை மற்றொரு நாடாவில் பதிந்த குறிகளே ஆணையிட்டன. எத்தனை முறை இயங்கினாலும் ஒரே பாதை, ஒரே வேகம். அதன் பெருமையை மறுப்பாரில்லை; எனினும், ஷேபரின் பழைய இடர் பெரிய உருவில் அங்கே திரும்பி வந்துவிட்டது என்பதே என் கருத்து. அம்மண்டபம் 1959-இல் இடிக்கப்பட்டதால், அந்தச் சுவர்களுக்கென்றே வகுத்த பாதைகளும் அதனோடு போயின.

கைக்கு மீண்டும் முதலிடம் தந்தவர் பிரான்சுவா பேல். ஷேபர் நிறுவிய இசை ஆராய்ச்சிக் குழுவை 1966 முதல் நடத்தி வந்த இவர், 1974-இல் பாரிஸின் கார்டேன் அரங்கில் ஏறத்தாழ எண்பது பெருக்கிகளைக் கொண்ட 'அகூஸ்மோனியம்' என்ற அமைப்பை முன்வைத்தார். பித்தகோரஸின் மாணாக்கர் சிலர் திரைக்குப் பின்னிருந்து ஆசானின் குரலை மட்டும் கேட்டனர் என்ற பழைய செய்தியிலிருந்து வந்த பெயர் அது. முன்னோடியாக, 1973-இலேயே பூர்ஜ் நகரில் கிறிஸ்டியன் குளோசியே இத்தகைய அமைப்பொன்றை இயற்றியிருந்தார்.

பேலின் பெருக்கிகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சில பேருருவின, மந்தர ஒலியை உமிழ்வன. சில சிறியன, மெல்லிய உச்ச ஒலியை மட்டும் தூவுவன. வாத்தியக் குழுவில் வயலினும் முரசும் இடமறிந்து அமர்வதுபோல் இவை மேடையெங்கும் அமர்ந்தன. அவையின் நடுவே ஒரு மேசை. அதன்மீது மேலும் கீழும் நகரும் பிடிகளின் வரிசை. நாடாவில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டே தடங்கள். அவ்விரண்டை எண்பதுக்குப் பகிர்ந்தளிப்பதே மேசைமுன் அமர்ந்தவரின் கலை. மெல்லிய பகுதி வரும்போது தொலைவிலுள்ள இரண்டு பெட்டிகளை மட்டும் திறப்பார். கேட்போர் தம்மை அறியாமல் செவியைக் கூர்மையாக்குவர். புயலென இசை எழும்போது பத்து விரல்களாலும் பிடிகளை ஏற்றி அரங்கம் முழுவதையும் நிரப்புவார். அடுத்த நொடியே அனைத்தையும் தாழ்த்தி ஒரே ஒரு பெட்டியில் ஒரு முணுமுணுப்பை விட்டுவைப்பார். இதற்கு ஒத்திகை இன்றியமையாதது. எந்த நிமிடத்தில் என்ன வரும் என்பதை மனப்பாடமாக அறிந்தவரே இதைச் செய்ய முடியும். ஆள் நிறைந்த கூடம் ஒலியை உறிஞ்சும் என்பதால், காலியான கூடத்தில் செய்த ஒத்திகையை நிகழ்ச்சியின்போது அப்படியே ஒப்பிக்கவும் இயலாது. இக்கலை பின்னர்ப் பரவிற்று. 1982-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜாண்டி ஹாரிசன் ஓர் ஒலிபெருக்கிக் குழுவை அமைத்தார். அவ்வாண்டே பெல்ஜியத்தில் அனெட் வாண்ட் கோர்ன் என்ற அம்மையார் தொடங்கிய நிறுவனம் இளைஞர்களுக்கு இதனை முறையாகக் கற்பித்து வருகிறது.

இதனை எல்லோரும் ஒப்பினர் என்று எண்ணிவிடக் கூடாது. இசையமைப்பாளர் கூடத்தில் மாதக்கணக்கில் உழைத்து ஒவ்வொரு ஒலிக்கும் இடம் வகுத்த பின், மற்றொருவர் விரல் அதனைக் கலைக்கலாமா என்று கேட்டவர் உண்டு. எட்டுத் தடங்களிலும் அதற்கு மேற்பட்ட தடங்களிலும் நேரே இயற்றி, இசையின் பாதையைத் தாமே அறுதியிட்டுவிட்டவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், எழுதியவர் கருதிய கூடம் ஒன்று, கேட்பவர் அமர்ந்த கூடம் வேறு. இரண்டுக்கும் நடுவே யாரேனும் ஒருவர் நின்றாக வேண்டியிருக்கிறது.

1951-இல் வளையங்களின் நடுவே நின்ற பியர் ஆன்ரி, முதுமையிலும் தம் இசையைத் தம் விரல்களாலேயே அவைக்கு வழங்கி வந்தார். 1996-இல் அவர் பாரிஸிலுள்ள தம் வீட்டையே அரங்காக்கினார். அறைதோறும் ஒலிபெருக்கிகளை வைத்தார். சிறு கூட்டமாக வந்தவர்கள் அவ்வறைகளில் ஆங்காங்கே அமர்ந்து கேட்டனர். 2017-இல் தமது எண்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.