சம்பூரின் 818 ஏக்கரும் ஜெனிவாவின் தீர்மானங்களும்

2015 ஆகஸ்ட் 22ஆம் திகதி சம்பூரில் நடந்த நிகழ்வொன்றில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஒன்பது ஆண்டுகளாக ஊருக்குத் திரும்ப முடியாதிருந்த மக்களிடம் காணி உறுதிகளைக் கையளித்தார். அடுத்த சில நாட்களில் கொழும்புக்கு வந்த அமெரிக்க உதவி இராஜாங்கச் செயலர் நிஷா பிஸ்வால், ஜெனிவாவில் இலங்கை அரசாங்கத்துடன் சேர்ந்தே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அக்டோபர் 1ஆம் திகதி ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 30/1 இலக்கத் தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. யாரைப் பற்றிய தீர்மானமோ அந்த இலங்கையே அதற்கு இணை அனுசரணை வழங்கியது.

காணி விடுவிப்பை மீள்குடியேற்றத்தின் கதையாகவும், தீர்மானத்தை இராஜதந்திரத்தின் கதையாகவும் பிரித்து எழுதுவதே வழக்கம். இரண்டும் ஒரே கதை என்பது இக்கட்டுரையின் வாதம். ஜெனிவாவில் நாடுகள் ஒத்துழைத்த காலத்தில் சம்பூருக்குக் காணி கிடைத்தது. கொல்லப்பட்டோருக்கு நீதி கிடைக்கவில்லை. அந்த ஒத்துழைப்பு எந்தப் பண்டத்தில் செலுத்தப்பட்டது என்பதை அறிய, மூதூர் கிழக்கின் இச்சிறு கரையைவிடத் தெளிவான இடம் வேறில்லை.

சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ளது. நீருக்கு அப்பால் திருகோணமலைத் துறைமுகமும் கடற்படைத் தளமும். இந்த அமைவிடமே ஊரின் துயரத்துக்கு முதற்காரணம். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடந்த அன்றே மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. மாவிலாற்று அணைக்கட்டுப் பிரச்சினை போராக மூண்டது. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்குள் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் ஆகிய ஊர்களின் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஓடியிருந்தார்கள். பின்னர் திருகோணமலை மாவட்டத்துக்குத் திருப்பி அழைத்துவரப்பட்டபோது அவர்கள் இறக்கப்பட்டது சொந்த ஊரில் அல்ல. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில். 2007 மே 30ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல் அவர்களுடைய ஊரை உயர் பாதுகாப்பு வலயமாக்கியிருந்தது. அதை எதிர்த்து மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்தில் தொடுத்த அடிப்படை உரிமை மனு அவ்வாண்டே தள்ளுபடியானது. மாற்றுக் காணி தருவதாக அதிகாரிகள் சொன்னார்கள். பெரும்பாலான குடும்பங்கள் மறுத்தன. பிற்காலத்தில் ஜெனிவாவில் எழுதப்பட்ட எந்த வாசகத்துக்கும் இந்த மறுப்பே அடித்தளம். மக்கள் மாற்றுக் காணியை ஏற்றிருந்தால் விடுவிக்கக் கோருவதற்குக் காணியே இருந்திருக்காது.

அதே 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி, மூதூர் நகரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான பட்டினிக்கு எதிரான அமைப்பின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அக்கொலைகளையும், அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதையும் உள்ளிட்ட பாரிய சம்பவங்களை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைந்தது. அதை அவதானிக்க, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில், பல நாடுகள் நியமித்த சர்வதேசச் சுயாதீன நிபுணர் குழு வந்தது. விசாரணை சர்வதேச நியமங்களுக்கு ஏற்ப நடக்கவில்லை என்று சொல்லி 2008இல் அக்குழு வெளியேறியது. இலங்கை விடயத்தில் நாடுகள் கூட்டாக மேற்கொண்ட கண்காணிப்பு ஒன்று முறிந்தது இந்த மாவட்டத்தின் வழக்குகளிலும்தான் என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

இங்கே இந்தியாவின் இடத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே, இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்ற உறுதி இருந்தது. 2006 டிசம்பரில், சம்பூர் கைப்பற்றப்பட்டு நான்கு மாதம்கூட நிறையாத நிலையில், இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தெரிவான இடம் சம்பூர். 2011இல் கூட்டு நிறுவனம் உருவானது. 2012இல் மேலும் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ்க் கனரகத் தொழிற்சாலை வலயமாக ஒதுக்கப்பட்டது. ஆக, ஜெனிவாவில் இலங்கைத் தமிழர் குறித்து வாக்களித்த நாடுகளுள் இந்தியாவுக்கு மட்டும் அத்தமிழர்களின் ஊர் ஒன்றிலேயே நேரடிப் பங்கு இருந்தது. வாக்கு மின் நிலையத்துக்காக அளிக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு கோப்புகளும் ஒரே தலைநகரில் ஒரே காலத்தில் திறந்திருந்தன என்பது மட்டும் உறுதி.

ஐ.நா.வின் பழைய மனித உரிமைகள் ஆணைக்குழு 1987இலேயே இலங்கை குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. 2006இல் ஆணைக்குழுவின் இடத்தில் 47 உறுப்பு நாடுகளுடன் பேரவை வந்தது. அவ்வாண்டே ஐரோப்பிய ஒன்றியம் முன்வைத்த வரைவு வாக்கெடுப்புக்கு வராமலே ஒத்திப்போனது. 2009 மே 27ஆம் திகதி, போர் முடிந்த மறுவாரம், ஜெர்மனி முதலிய நாடுகள் கூட்டிய சிறப்பு அமர்வில் நடந்தது இன்னும் கசப்பானது. கண்டனமாகத் தொடங்கிய முயற்சி, இலங்கை தானே கொண்டுவந்த பாராட்டுத் தீர்மானமாக முடிந்தது: ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா ஆதரித்தது. கிளிவெட்டி முகாமில் சம்பூர் மக்கள் அப்போது மூன்றாவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

2012 மார்ச் 22ஆம் திகதி அமெரிக்கா கொண்டுவந்த 19/2 தீர்மானத்தில் கணக்கு மாறியது: 24க்கு 15, நடுநிலை 8. ஆசிய நாடுகள் பெரும்பாலும் எதிர்த்தோ விலகியோ நின்றபோது இந்தியா ஆதரித்தது. ஆதரவுக்கு இந்தியா வாங்கிய விலையைக் கவனிக்க வேண்டும். ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையாளர் அலுவலகம் வழங்கும் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் இலங்கை அரசைக் கலந்து, அதன் இணக்கத்தோடுதான் வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இறுதி வாசகத்தில் சேர்ந்தது. வாக்கைக் கொடுத்த கையே கடிவாளத்தையும் கொழும்பிடம் கொடுத்தது. 2013இல் மாணவர் போராட்டங்களால் தமிழ்நாடு கொதித்தது. மார்ச் 19ஆம் திகதி தி.மு.க. மத்திய கூட்டணியிலிருந்து விலகியது. இரண்டு நாள் கழித்து இந்தியா 22/1ஐயும் ஆதரித்தது. 2014 மார்ச் 27ஆம் திகதி 25/1 தீர்மானம் உயர் ஆணையாளர் அலுவலகத்தின் சர்வதேச விசாரணையை அமைத்தபோது, அது ஊடுருவும் அணுகுமுறை என்று சொல்லி இந்தியா நடுநிலை வகித்தது. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும், இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தை நிறைவேற்றுங்கள் என்பதே டில்லியின் நிலையான கோரிக்கை. காணி அதிகாரத்தின் பெரும்பகுதி கொழும்பில்தான் என்று உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பரில் தீர்ப்பளித்த பின்னர், அத்திருத்தம் சம்பூர்க் காணி உரிமையாளருக்கு எவ்வளவு உதவும் என்ற கேள்விக்கு டில்லியிடமிருந்து பதில் வரவில்லை.

2015இன் முதல் ஒன்பது மாதங்களை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜனவரி 8ஆம் திகதி ஆட்சி மாறியது. சர்வதேச விசாரணையின் அறிக்கை மார்ச்சில் வெளியாகவிருந்தது. புதிய வெளிவிவகார அமைச்சர் மங்கள சமரவீர அவகாசம் கேட்டார். பெப்ரவரியில் அறிக்கை செப்டெம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கிடைத்த அந்த அவகாசத்துக்குள் உலகத்தின் முன் காட்டுவதற்குப் புதிய அரசுக்கு ஒரு சான்று தேவைப்பட்டது. மே மாதம் ஜனாதிபதி 818 ஏக்கருக்கான பழைய ஒதுக்கீட்டை இரத்துச் செய்தார். முதலீட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது, இடைக்காலத் தடை வந்தது, பின் நீங்கியது. ஆகஸ்ட் 17 பொதுத்தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள் காணி உறுதிகள் கைமாறின. தீர்மானத்தின் முதன்மை அனுசரணையாளரான அமெரிக்கா, திரும்பும் சம்பூர்க் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் டாலர் உதவியை அறிவித்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி திருகோணமலை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். 16ஆம் திகதி விசாரணை அறிக்கை வெளியானது.

அறிக்கை கேட்டது கலப்பு நீதிமன்றம். அடுத்த இரண்டு வாரங்கள் அமெரிக்கா, பிரித்தானியா, மொண்டிநீக்ரோ, மசிடோனியா ஆகிய மையக்குழு நாடுகளும் இலங்கையும் வரைவின் மீது பேரம் பேசின. பேச்சு முடிந்தபோது, கலப்பு நீதிமன்றம் இலங்கையின் நீதிப் பொறிமுறையாக உருமாறியிருந்தது. பொதுநலவாய மற்றும் ஏனைய வெளிநாட்டு நீதிபதிகள், சட்டத்தரணிகள், விசாரணையாளர்களின் பங்கேற்பு முக்கியம் என்ற அங்கீகாரம் மட்டும் அதில் இருந்தது. காணி பற்றிய பந்திக்கு இந்தத் தேய்மானம் நேரவில்லை. ஆரம்ப நடவடிக்கைகளை அது வரவேற்றது, உரிமையாளரான பொதுமக்களிடம் காணிகளைத் திருப்பித் தருவதை விரைவுபடுத்தச் சொன்னது. காரணம் புரிகிறது. ஏக்கரை அளக்கலாம், படம் பிடிக்கலாம், அடுத்த அமர்வில் கணக்குக் காட்டலாம். அதனால் எந்தப் படையதிகாரியும் சிறை போக வேண்டியதில்லை.

இதனால் காணி விடுவிப்பு வெறும் காட்சி என்றாகிவிடாது. ஒன்பது ஆண்டு தகரக் கொட்டகையில் இருந்த குடும்பத்துக்குச் சொந்தக் கிணற்றடி திரும்பக் கிடைப்பதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. பெப்ரவரி 2016இல் உயர் ஆணையாளர் செயித் ராத் அல் ஹுசைன் திருகோணமலைக்கும் வந்து போனார். மார்ச்சில் கடற்படை முகாம் பிடித்திருந்த 237 ஏக்கரில் 177 ஏக்கர் விடுபட்டது. செப்டெம்பரில், சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமையாது என்று சட்டமா அதிபர் திணைக்களம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. மறுத்த மக்களும், வழக்காடியவர்களும், ஜெனிவாவின் தவணையும் ஒரே திசையில் இழுத்த அபூர்வமான பதினெட்டு மாதங்கள் அவை.

அதே காலத்தில் மூதூரின் 17 பணியாளர்களின் வழக்கில் ஒருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இணை அனுசரணையுடன் நிறைவேறிய 34/1, 40/1 ஆகிய தீர்மானங்கள் 2017இலும் 2019இலும் கூடுதல் கால அவகாசமாகவே அமைந்தன. விசேட நீதிமன்றம் அமையவில்லை. ஐந்து மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுதலையானார்கள். 2020 பெப்ரவரியில் அப்போதைய வெளிவிவகார அமைச்சர் தினேஷ் குணவர்தன ஜெனிவாவில் இணை அனுசரணையிலிருந்து இலங்கை விலகுவதாக அறிவித்தபோது, திரும்பப் பெறுவதற்கு நீதித் தரப்பில் அநேகமாக எதுவுமே இருக்கவில்லை.

இலங்கையின் சம்மதம் போன பிறகு மற்ற நாடுகளின் ஒத்துழைப்பு வேறு வடிவம் எடுத்தது. 2018இல் அமெரிக்கா பேரவையை விட்டு வெளியேறியதால் பிரித்தானியா முன்னின்றது. கனடா, ஜெர்மனி, மலாவி, மொண்டிநீக்ரோ, வட மசிடோனியா உடன் நின்றன. 2021 மார்ச் 23ஆம் திகதி 46/1 தீர்மானம் 22க்கு 11 என வென்றது, நடுநிலை 14. 2022இல் 51/1க்கு ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20. இரண்டிலும் இந்தியா நடுநிலை. ஆதரவுக்கு நிகராக நடுநிலை நின்றதை இலங்கை தன் வெற்றியாகக் காட்டியது. என் கணிப்பில் முக்கியமானது எதிர்ப்பு 15இலிருந்து 7ஆகச் சுருங்கியதே. 46/1 உருவாக்கிய இலங்கைப் பொறுப்புக்கூறல் திட்டம், எதிர்கால வழக்குகளுக்காகச் சான்றுகளைத் திரட்டி, ஆராய்ந்து, பாதுகாக்கிறது. காணியைப் போல இதைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் குற்றவியல் நீதியை நோக்கிப் பேரவை வைத்த முதல் உறுதியான அடி இதுவே. அது கொழும்பின் இணக்கமில்லாமல் வைத்த அடி.

சம்பூரில் நின்று பார்த்தால் இன்னொரு குறையும் தெரியும். 2014இல் அமைந்த விசாரணையின் காலவரம்பு 2002 பெப்ரவரி 21 முதல் 2011 நவம்பர் 15 வரை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் அதே நாளிலிருந்துதான் தொடங்கியது. சம்பூர் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் 1990 ஜூலை 7 படுகொலை இந்த இரு வரம்புக்கும் வெளியே நின்றது. நாடுகள் உடன்படக்கூடிய தொடக்க நாள் ஒன்று. ஒரு கிராமத்தின் துயரம் தொடங்கிய நாள் வேறு. 2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையை அண்டிய இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. விடயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு மூன்று மாதம் முன்னர், ஏப்ரல் 5ஆம் திகதி, பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தபடியே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்திருந்தார்கள்.

2025 அக்டோபர் 6ஆம் திகதி 60/1 தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறி, சான்று திரட்டும் பணியை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. வெளிப் பொறிமுறையை ஏற்பதில்லை என்று இலங்கை சொன்னது. ஆனால் வாக்கெடுப்புக் கோரவில்லை. சான்று திரட்டுவோர் இலங்கைக்குள் வந்து ஒரு குழியையும் பார்க்க முடியாது. அதற்கான அனுமதியைக் கொழும்பிடம் பேசிப் பெறக்கூடிய செல்வாக்கு மையக்குழு நாடுகளைவிட இந்தியாவுக்கே அதிகம். அந்தச் செல்வாக்கைச் சம்பூரில் மின் நிலையத்துக்காக அது இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறது.