யோனா நூலும் நினிவேக்குக் கிடைத்த இரக்கமும்

யோனா நூல் என்பது எபிரேய விவிலியத்திலும் கிறித்தவப் பழைய ஏற்பாட்டிலும் இடம்பெறும் பன்னிரு சிறு இறைவாக்கினர் நூல்களுள் ஒன்று. 4 அதிகாரங்களும் 48 வசனங்களும் கொண்டது. தகுதியற்றோர் மீதும் கடவுள் இரங்குகிறார் என்ற கிறித்தவக் கருத்துக்கு முதன்மையான சான்றாக இந்நூல் காட்டப்படுகிறது. மற்ற இறைவாக்கினர் நூல்கள் பெரும்பாலும் அவர்களது உரைகளின் தொகுப்புகள். யோனா நூலோ இறைவாக்கினரைப் பற்றிய கதை. அதில் யோனா நினிவேக்கு அறிவிக்கும் செய்தி எபிரேயத்தில் 5 சொற்கள் மட்டுமே.

வரலாற்றுப் பின்னணி

அமித்தாயின் மகன் யோனா என்ற இறைவாக்கினர் 2 அரசர்கள் நூலிலும் குறிப்பிடப்படுகிறார். வட இசுரயேலை இரண்டாம் எரொபவாம் ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டு அவரது காலம். எனினும் நூலின் மொழிநடையைக் கொண்டு, பாபிலோனிய அடிமைத்தனத்திற்குப் பின், கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டில் இது எழுதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நினிவே இன்றைய ஈராக்கின் மோசுல் நகரை ஒட்டி இருந்தது. அசீரியப் பேரரசு கி.மு. 722 அளவில் வட இசுரயேலின் தலைநகரான சமாரியாவைக் கைப்பற்றி மக்களை நாடு கடத்தியது. கி.மு. 701இல் மன்னர் சனகெரிபு யூதாவின் இலாக்கீசு நகரை வீழ்த்தினார். அவரது நினிவே அரண்மனைச் சுவர்களில் இருந்த புடைப்புச் சிற்பங்கள், அந்நகரத்தார் கழுவேற்றப்படுவதையும் சிறைபிடித்துச் செல்லப்படுவதையும் காட்டுகின்றன. இச்சிற்பங்கள் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. நூலின் முதல் வாசகர்களுக்கு நினிவே ஏதோ ஓர் அயல்நகரம் அன்று. தம் முன்னோரைக் கொன்றோரின் நகரம். அதன் அழிவை நாகூம் நூல் வெளிப்படையாகக் கொண்டாடுகிறது. கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் நினிவேயை அழித்தனர்.

கதையும் அதன் சிக்கலும்

நினிவேக்குச் செல்லுமாறு கட்டளை பெற்ற யோனா, எதிர்த்திசையில் யோப்பா துறைமுகத்திலிருந்து தர்சீசுக்குக் கப்பலேறுகிறார். புயல், பெரிய மீன் ஆகியவற்றுக்குப் பின் நினிவேக்குச் சென்று, 40 நாளில் நகரம் கவிழும் என்று அறிவிக்கிறார். அரசன் முதல் கால்நடைகள் வரை அனைத்தும் நோன்பிருக்கின்றன. கடவுள் தண்டனையைக் கைவிடுகிறார்.

யோனா ஏன் தப்பி ஓடினார் என்பது நான்காம் அதிகாரத்தில்தான் தெரியவருகிறது. கடவுள் இரக்கமும் பொறுமையும் உள்ளவர், ஆகவே மன்னித்துவிடுவார் என்பதை முன்பே அறிந்திருந்ததாக அவர் முறையிடுகிறார். இச்சொற்கள் விடுதலைப் பயண நூலில் பொற்கன்றுக்குட்டி நிகழ்வுக்குப் பின் இசுரயேலுக்குச் சொல்லப்பட்ட நம்பிக்கை மொழிகள். தன் இனத்தைக் காத்த அதே இரக்கம் பகைவரையும் காப்பதே அவரது மனவேதனை. தனக்கு நிழல் தந்த செடி வாடியதற்கு வருந்தும் அவரிடம், 1,20,000க்கும் மேற்பட்ட மக்களும் கால்நடைகளும் வாழும் நகருக்காகத் தாம் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். நூல் இக்கேள்வியோடு முடிகிறது. யோனாவின் பதில் தரப்படவில்லை.

கிறித்தவ விளக்கங்கள்

மத்தேயு, லூக்கா நற்செய்திகளில் இயேசு 'யோனாவின் அடையாளம்' பற்றிப் பேசுகிறார். மீன் வயிற்றில் கழிந்த மூன்று நாள்களை மத்தேயு இயேசுவின் அடக்கத்தோடு இணைக்கிறார். மனம் மாறிய நினிவே மக்களை இரு நற்செய்திகளும் முன்மாதிரியாகக் காட்டுகின்றன. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் மிகுதியாக வரையப்பட்ட விவிலியக் காட்சிகளுள் யோனா கதையும் ஒன்று.

அந்தச் செடியின் பெயரே ஒரு பூசலுக்குக் காரணமாயிற்று. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பில் சுரைக்கொடி என்றிருந்ததைப் புனித எரோணிமுசு படர்கொடி வகை ஒன்றின் பெயராக மாற்றினார். வட ஆப்பிரிக்காவின் ஓயா நகரில் அதை வாசித்தபோது மக்கள் கொந்தளித்ததாக, 403இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு.

யோனாவின் கோபத்தைப் புரிந்துகொள்வதிலும் வேறுபாடு இருந்தது. தன் மக்களின் எதிர்காலத்தை எண்ணி அவர் வருந்தினார் என்று எரோணிமுசு பரிவுடன் விளக்கினார். அகுஸ்தினாரோ பிற இனத்தார் மீட்படைவதைப் பொறுக்காத இசுரயேலின் உருவகமாக யோனாவைக் கண்டார். பிற்கால ஐரோப்பிய உரையாசிரியர் சிலர் இவ்வழியே சென்று, யூதரைக் குறுகிய மனத்தினராகச் சித்திரிக்க இந்நூலைப் பயன்படுத்தினர். ஆனால் இந்நூலை எழுதியதும் புனித நூலாகப் பாதுகாத்ததும் யூதர்களே. பாவக்கழுவாய் நாளான யோம் கிப்பூரின் பிற்பகலில் அவர்கள் இதை முழுமையாக வாசிக்கின்றனர். யோனாவை வேறொரு சமயத்தாரின் குறையாகக் காண்பது நூலின் இறுதிக் கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகும் என்று இன்றைய கிறித்தவ விளக்கவுரைகள் பல எடுத்துரைக்கின்றன. அக்கேள்வி, தான் மன்னிப்புப் பெற்றதை மறந்து பிறருக்கு அதை மறுக்கும் எவரையும் நோக்கியது.

வழிபாட்டில்

சிரியத் திருச்சபைகள் தவக்காலத்துக்கு முன் மூன்று நாள் நினிவே நோன்பைக் கடைப்பிடிக்கின்றன. கேரளத்தின் சிரியக் கிறித்தவரிடையே இது 'மூன்று நோன்பு' எனப்படுகிறது. எகிப்தின் கோப்திக் திருச்சபையிலும் இந்நோன்பு உண்டு.

இசுலாம் யோனாவை யூனுஸ் நபி எனப் போற்றுகிறது. பழைய நினிவேயின் மேட்டில் அவரது கல்லறை இருந்ததாக நம்பப்பட்ட பள்ளிவாசலை இசுலாமிய அரசு என்ற ஆயுதக் குழு 2014 சூலையில் வெடிவைத்துத் தகர்த்தது. அம்மேட்டின் அடியில் சனகெரிபின் மகன் எசரத்தோன் காலத்து அசீரிய அரண்மனையின் எச்சங்கள் உள்ளன.