2035 என்ற ஒரு பிழை

இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007இல் எழுதியது. அது பிழை. 2010 ஜனவரியில் அவர்களே ஒத்துக்கொண்டார்கள். காலநிலை மாற்றமே பொய் என்று கதைக்கிற ஆட்களுக்கு நல்ல தீனி.

எனக்கு வேற ஒரு கேள்விதான் வந்தது. அந்த ஆண்டு எப்படி உள்ளே போனது? 1999இல் ஒரு அறிவியல் சஞ்சிகையில் வந்த செய்தி, கைமாறிக் கைமாறி அறிக்கைக்குள் போயிருக்கு. சரிபார்க்கவோ, போதிய அளவீடு இல்லை. அவ்வளவு உயரத்தில் ஏறி வருசா வருசம் பனியை அளப்பது லேசான வேலையில்லை. கங்கை, பிரம்மபுத்திரா நீரளவையே இந்தியா இரகசியமாகத்தான் வைத்திருந்தது.

வெள்ளத்துக்கு இரகசியம் ஏது? 1981 ஜூலையில் திபெத்தில் ஒரு பனியேரி உடைத்து, நேபாள எல்லைப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது.

1983இல் காத்மண்டுவில் ஐசிமோட் என்ற மலை ஆய்வு நிலையம் தொடங்கியது. ஆப்கானிஸ்தான் முதல் மியன்மார் வரை எட்டு நாடுகள் அதில் உறுப்பினர். இந்தியா, பாகிஸ்தான், சீனா மூன்றும் ஒரே மேசையில்! அவர்களின் 2019 மதிப்பீட்டு அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் மூன்றில் ஒரு பங்கு பனி போய்விடும் என்றது. பயமுறுத்தப் பிழையான ஆண்டு தேவையில்லை, உண்மையே காணும்.

ஆனா 2025 ஜூலை 8, திபெத் பக்கமிருந்து வந்த வெள்ளம் ரசுவாகடி எல்லைப் பாலத்தைக் கொண்டுபோனது. அறிக்கை எழுத ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? மேலே ஏரி உடைத்தால் கீழே உள்ளவனுக்கு உடனே சொல்லவும் ஆள் வேணும்.