படிகாரத்தால் வரைந்த மரம்

1775இல் லண்டன் சுங்கத்துறை ஒரு கட்டிலின் திரைச்சீலைகளைப் பறிமுதல் செய்தது. கட்டில் டேவிட் கேரிக் வீட்டுக்குரியது. அன்றைய இங்கிலாந்தின் மிகப் பிரபலமான நாடக நடிகர் அவர். கல்கத்தாவிலிருந்த வணிகர்கள் அன்பளிப்பாக அனுப்பிய துணி, மசூலிப்பட்டினத்தில் உருவானது. வளைந்து மேலேறும் ஒரு மரம். அதன் கிளைகளில் எந்தத் தோட்டத்திலும் பூக்காத பூக்கள். மனைவியின் வருத்தத்தைப் பார்க்கமுடியாமல் கருவூல அதிகாரிக்குக் கடிதம் எழுதித் துணியைத் திருப்பிக் கேட்டார் கேரிக்.

ஒரு கர்ட்டனுக்கா இவ்வளவு பாடு? ஆமாம். நம் பாட்டிகள் சீட்டி என்று சொன்ன துணியின் மூதாதை இது. பூப்போட்ட பருத்தித் துணி. 17ஆம் நூற்றாண்டில் இது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி ஐரோப்பிய வீடுகளின் சுவர், கட்டில், நாற்காலி என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பட்டும் கம்பளியும் நெய்தவர்களின் பிழைப்பில் கை வைத்தது. பிரான்ஸ் 1686இல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம், போதாமல் 1721இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. இரண்டாவது சட்டம் உடுத்துவதை மட்டுமல்ல, வீட்டு அலங்காரத்தையும் குற்றமாக்கியது. நடுவில் 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தி, உடையைக் கிழித்தார்கள். வேலை போன கோபம், எதிரில் வந்த பெண்ணின் மேல் இறங்கியது.

சரி, அந்தப் பூவும் மரமும் யாருடையவை? நம்முடையவை என்று உடனே சொல்லத் தோன்றும். விஷயம் அவ்வளவு நேரானது அல்ல. 1643இல் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனிலிருந்து சூரத்துக்கு எழுதியது: அடர்சிவப்புப் பின்னணி இங்கே விலைபோகவில்லை, வெள்ளைப் பின்னணியில் கிளைகளும் பூக்களும் வேண்டும். அதாவது கஸ்டமர் ஃபீட்பேக். பிறகு மாதிரி ஓவியங்களும் வந்தன. பாரசீக மரம், சீனப் பாறை, ஐரோப்பியப் பூ எல்லாம் ஒரே துணியில் கலந்தன. வடிவத்துக்குச் சொந்தக்காரர் தேடினால் உலகம் முழுக்க அலையவேண்டும்.

ஆனால் செய்முறைக்கு முகவரி உண்டு. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பார்கள். வடிவத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டினால் கோடு துணியில் இறங்கும். கருப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசல். சிவப்பு வேண்டிய இடத்தில்தான் வித்தை இருக்கிறது: அங்கே சிவப்பை வரைவதே இல்லை. படிகாரக் கரைசலால் வரைகிறார்கள். பிறகு மொத்தத் துணியையும் சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்து நிற்கும். மிச்ச இடத்தில் ஒட்டிய லேசான நிறம், சாணமும் வெயிலும் பட்டு வெளுத்துவிடும். நீலத்துக்கு நேர்மாறான வழி. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளை நீலத்தின் மேல் தீட்டினால் பச்சை.

கோடிங் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். திரையில் தெரிவதை யார் வேண்டுமானாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். பின்னால் ஓடுவது வேறு. ஐரோப்பியர்கள் பூவை நகலெடுக்க ஒரு வாரம் போதும். துவைத்தாலும் போகாத நிறத்தைப் பிடிக்கத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

அதற்காகக் கரைக்கே ஆள் வந்தது. 1730களில் பியூலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்புடன் கொண்டுபோனார். 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், மதம் மாறிய தொழிலாளர்களிடம் கேட்டறிந்த செய்முறையைப் பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைக் கவனித்து எழுதிய அதே கேர்துதான். கடிதம் அச்சிலும் வந்தது. 1759இல் பிரான்சில் தடை நீங்கியது. 1760இல் ஓபர்காம்ஃப் வெர்சாய் அருகே ஷூயியில் அச்சுப் பட்டறை தொடங்கினார். சாயவேருக்குப் பதிலாக, நம் மஞ்சிட்டிக்கு உறவான மேடர் செடியின் வேர். படிகாரம் அதே படிகாரம்தான்.

இங்கிலாந்தும் 1774இல் தடையைத் தளர்த்தியது, தன் நாட்டில் அச்சிட்ட பருத்திக்கு மட்டும். மறுவருடம் கேரிக் வீட்டுத் துணி ஏன் மாட்டியது என்று இப்போது தெரிகிறது இல்லையா? தடை பூவின் மேல் இல்லை, பூவை வரைந்த ஊரின் மேல்.

கேரிக் கட்டில் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அவர் பெயரிலேயே இருக்கிறது. பியூலியுவின் துண்டுகள் பாரிஸில் இருக்கின்றன. நம் கரையின் சாயத்தொழிலைப் படிப்படியாகத் தெரிந்துகொள்ள இன்று நாம் நம்பியிருக்கும் முக்கியமான குறிப்புகள், அதை நகலெடுக்க வந்தவர்கள் எழுதியவை. வரைந்தவர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் கைக்கு மாற்றினார்கள். பிழைப்பு போனபோது அந்தக் கைகளில் பல வேறு வேலைக்குப் போயின. அடுத்த முறை ஆன்லைனில் கர்ட்டன் தேடும்போது வளைந்த மரமும் பெயர் தெரியாத பூவும் கண்ணில் பட்டால், கொஞ்சம் நின்று பாருங்க. அந்தச் சிவப்பை முதலில் நிறமே இல்லாமல் வரைந்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள்.